ஹூடி வீட்டு கரண்ட் பில்

ஸ்ரீராமபுரம், பெங்களூர்
20 ஜனவரி 2026

பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. நீ போனில் "வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமலே இருப்பதால் எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. உங்கள் ஹூடி வீட்டு கரண்ட் பில்லைப் பற்றித்தான்.

2023 ஜூனில் கர்நாடக அரசின் இலவச கரண்ட் திட்டமான கிரக ஜோதிக்குப் பதிவு தொடங்கியபோது உங்களுக்கு நான்தான் அரசாங்கத்தின் சேவா சிந்து இணையதளத்தில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை முதலில் வேண்டாம் என்றார். "சம்பாதிக்கிறோம் மாமா, ஓசி கரண்ட் எதுக்கு" என்றார். அவருடைய ரோஷத்தை நான் குறை சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு, வீட்டுக்காரர் தயவு இதில் கிடையாது என்று எடுத்துச் சொன்ன பிறகு தன் ஆதாரைக் கொடுத்தார். அன்றைக்கே உங்கள் கணக்கு எண்ணை என் போனில் பெங்களூர் மின்வாரியத்தின் பெஸ்காம் மித்ரா ஆப்பில் சேர்த்துக்கொண்டேன். ஆகஸ்டில் முதல் ஜீரோ பில் வந்தபோது நீயே படம் எடுத்து அனுப்பினாய். அதிலிருந்து மாசாமாசம் பார்ப்பேன். வேவு பார்ப்பதாக நினைக்காதே. வாழ்க்கை பூராவும் மீட்டர் பார்த்தவன், யூனிட் எத்தனை என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பரில் 118 யூனிட். அக்டோபரில் 96. நவம்பரில் 51. டிசம்பரில் 37.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. கிரக ஜோதியில் உங்கள் பங்கு 2022-23ஆம் வருஷத்துச் சராசரியை வைத்துப் போட்டது. உங்கள் வீட்டுச் சராசரி 120, அதோடு 10 சதவீதம் சேர்த்து 132 யூனிட். அந்த 132க்குள் எவ்வளவு எரித்தாலும் பில் ஜீரோதான். 130 எரித்தாலும் ஜீரோ, 37 எரித்தாலும் ஜீரோ. மிச்சம் பிடித்த யூனிட்டை அடுத்த மாசத்துக்குச் சேர்த்துத் தரமாட்டார்கள், பணமாகவும் தரமாட்டார்கள். 132ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கட்ட வேண்டும். 200ஐத் தாண்டினால்தான் முழு பில்லும் வரும். அப்படி இருக்கும்போது இந்தக் குளிரில் எதற்காக இவ்வளவு சிக்கனம்? பில்லுக்குப் பயந்துதான் என்றால் பயப்படவே வேண்டாம். கீசரைப் போட்டுக் குளி. இரண்டாயிரம் வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான். உனக்குச் சின்ன வயசிலிருந்தே மார்கழி, தை வந்தால் மூச்சு இழுக்கும். பச்சைத் தண்ணீர் ஆகாது.

உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஃபிரிட்ஜ் ஒன்றே நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும், மாசத்துக்கு 30 வைத்துக்கொள். மீதி ஏழு யூனிட். வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன், லைட், டிவி எல்லாம் அந்த ஏழுக்குள் என்றால் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது நடக்காது. வீடு பூட்டியிருந்தால் நடக்கும். ஒரே ஆள் இருந்து, அந்த ஒரு ஆளும் விளக்கைப் போட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தால் நடக்கும். இதற்கு மேல் நான் எழுதவில்லை. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ ஏழாவது படிக்கும்போது லீவு நாட்களில் என்னோடு லைனுக்கு வருவாயே. நான் மீட்டரைப் படிக்கப் படிக்க நீ நோட்டில் எழுதுவாய், ஒரு நம்பர்கூடத் தப்பாது. பின்னி மில் பக்கத்தில் ஒரு வீட்டில் யூனிட் திடீரென்று விழுந்திருந்தது. "இந்த வீட்டுல யாரோ இல்லப்பா" என்று நீதான் சொன்னாய். பெரியவர் தவறிப்போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்த வயசில் அப்படிக் கணக்குப் பார்த்த பெண் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியாமல் போகுமா, பாப்பா? எண் என் போனில் இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும்.

சரி, பணக் கஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எல்லாமே ஏறித்தான் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் யூனிட்டுக்கு பத்து பைசா குறைத்து 5 ரூபாய் 80 பைசா ஆக்கினார்கள். ஆனால் ஒரு கிலோவாட்டுக்கு 120 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணத்தை 145 ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் ஊழியர்களுடைய பென்ஷன், கிராச்சுவிட்டிக்கு என்று யூனிட்டுக்கு 36 பைசா. நானும் அந்தப் பென்ஷனில் சாப்பிடுகிறவன்தான், அதனால் அந்த 36 பைசாவைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. கேஸையும் பார். 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்தது, அப்பாடா என்று இருக்கும்போது 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள். பக்கத்து வீட்டம்மாவுக்கு உஜ்வலா இணைப்பு, சிலிண்டருக்கு 300 ரூபாய் பாங்கில் திரும்ப வருகிறது. நமக்கு அது இல்லை. 2015இல் மானியம் வேண்டாம் என்று விருப்பப்பட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் அல்லவா, நான் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்தது, கொடுத்தேன். முடியாதபோது வாங்கிக்கொள்வதும் அதே மாதிரிதான். அரசாங்கப் பணம் என்பது நாம் தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டுகிற வரி. அதில் உன் பங்கு இருக்கிறது, மாப்பிள்ளை இத்தனை வருஷம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பங்கும் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏழைகளுக்கான பாக்ய ஜோதி திட்டத்தில் கரண்ட் வாங்கிய வீடுகளுக்குப் போவேன். ஒரு பல்பு, அவ்வளவுதான் அந்த வீட்டுக் கரண்ட். பிற்பாடு மாசத்துக்கு 40 யூனிட் வரை இலவசம் என்று வந்தது, இப்போது அவர்களும் கிரக ஜோதிக்குள் வந்துவிட்டார்கள். அந்த ஒரு பல்பு எரிந்த வீட்டில் படித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். யாரும் அதை ஓசி என்று சொல்லி நான் கேட்டதில்லை. சேலத்து மாமா வீட்டில் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016இலிருந்து வாங்குகிறார்கள், அவர்களுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. நம் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கினாரே, அந்தச் சுரங்கத்துக்கு 1902லேயே காவிரியில் இருக்கிற சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது. பெங்களூருக்கே 1905இல்தான் வந்தது. ஆனால் தங்கம் தோண்டியவர்களுடைய லைன் வீடுகளில் விளக்கு எரிய எத்தனை காலம் ஆயிற்று என்று பெரிய அத்தையைக் கேட்டால் சொல்வாள். அதனால்தான் சொல்கிறேன், கிடைக்கிற வெளிச்சத்தை வேண்டாம் என்று சொல்லாதே. 132 யூனிட் உன்னுடையது. கீசரைப் போடு.

பொங்கலுக்கு வருவாய் என்று அம்மா உன் பங்குக் கரும்பைத் தனியாக எடுத்து வைத்தாள். நீ வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. ஹூடியில் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக், அங்கே மாறினால் ஸ்ரீராமபுரம் ஸ்டேஷன். அதற்கும் காசு பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸில் வா, பெண்களுக்குத்தான் டிக்கெட்டே இல்லையே. 2023 ஜூனிலிருந்து எங்கெங்கோ இருக்கிற பெண்களெல்லாம் தர்மஸ்தலா வரைக்கும் போய் வருகிறார்கள். என் பெண்ணுக்குத் தாய் வீட்டுக்கு வர நேரம் கிடைக்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

சின்ன அத்தை விஷயத்தை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அவள் எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே எழுதினாள். நாம் போய்ப் பார்த்தபோது என்ன பார்த்தோம் என்று உனக்கும் தெரியும், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த மாதிரி இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி. ஒருவேளை நீங்கள் அந்த வீட்டைக் காலி செய்கிறதாக இருந்தால், காலி செய்யும் முன்பே கிரக ஜோதி இணைப்பை அந்த மீட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். முன்பு இதற்கு வழியில்லாமல் வாடகைக்காரர்கள் அலைந்தார்கள். 2024இல் சேவா சிந்துவிலேயே அதற்கு வசதி கொண்டுவந்தார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு மீட்டர்தான். பழைய வீட்டில் ஆதார் மாட்டிக்கொண்டு இருந்தால் புது வீட்டில் சலுகை கிடைக்காது, அந்த வீட்டுக்கு அடுத்து வருகிறவர்களுக்கும் தொல்லை. நிறையப் பேர் இதை மறந்துவிட்டுப் புது வீட்டில் முழு பில் கட்டுகிறார்கள். இன்னொன்று, எங்கே வீடு பார்த்தாலும் தனி மீட்டரா என்று முதலில் கேள். நாலு வீட்டுக்கு ஒரே மீட்டர் வைத்து, உள்ளே சப் மீட்டர் போட்டு, தன் இஷ்டத்துக்கு யூனிட்டுக்கு ஒரு விலை வாங்குகிற ஓனர்கள் இருக்கிறார்கள். நாலு வீடும் சேர்ந்து 200ஐத் தாண்டும், யாருக்கும் சலுகை இல்லாமல் போகும். கடைக்கு மேலே இருக்கிற வீடு என்றால் அது வணிக இணைப்பா என்றும் பார். வணிக இணைப்புக்கு இந்தத் திட்டமே கிடையாது. காலி செய்யும் முன்பே எடுத்துவிட வேண்டும், மறக்காதே.

ஹூடி வீட்டில் இருப்பது மாப்பிள்ளையின் ஆதார். அதை எடுக்க ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும், அதை அவர் சௌகரியப்படி செய்துகொள்ளட்டும், நான் அவரிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. உன் ஆதார் எந்த மீட்டரிலும் இல்லை. அது இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

நம் மேல் வீட்டில் இருந்தவர்கள் தீபாவளிக்கு அப்புறம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், போகும்போது ஒழுங்காக இணைப்பை எடுத்துவிட்டுப் போனார்கள். புரோக்கர் மூன்று பேரைக் கூட்டிவந்து காட்டினார். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன், கீசர் புதிது. அந்த மீட்டர் 2023 கடைசியில்தான் வந்தது, பழைய சராசரி கிடையாது. புது இணைப்புகளுக்கு மாநிலச் சராசரி 53 யூனிட், அதோடு 10 சதவீதம் சேர்த்து 58 வரை தருகிறார்கள். ஒரு ஆளுக்குத் தாராளம். மாப்பிள்ளையும் வருவதாக இருந்தால் கொஞ்சம் தாண்டும், தாண்டியதற்கு மட்டும் கட்டினால் போதும், அதை நான் பார்த்துக்கொள்வேன். வாடகை பற்றி நீ பேசவே கூடாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே கோலம் போட ஆரம்பித்துவிடுவாள், பிறகு நீ வரவில்லை என்றால் அவளைத் தேற்ற என்னால் ஆகாது.

வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு மட்டும் செய்து வைக்கலாம் என்கிறேன். உன் ஆதாரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அது உன் பழைய நம்பரோடுதான் சேர்ந்திருக்கிறது, அந்த சிம் இன்னும் ஓடுகிறதா என்று பார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து போடுகிறேன். ஓ.டி.பி. உனக்கு வரும், அதைக் கேட்டு நான் கூப்பிடுவேன். அந்த ஒரு போனையாவது எடு.

அப்பா