அம்மாவின் சுங்குடியும் ஏழு நூல் கணக்கும்

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் பொங்கல் முடிந்த மறுவாரம் கைக்கு வந்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அவள் எழுந்து நடப்பதற்குள், அம்மாவின் சேலைகளை வெட்டி அவளுக்காகத் தைக்கும் ஒட்டுப்போர்வையை முடித்துவிட வேண்டும் என்றுதான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே குளிர் கடுமையாக இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் தையல் மெஷினும் மட்டும்தான். முழங்கால் வலி பரவாயில்லை. உன் சர்க்கரையைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை, அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

நீ கொடுத்தனுப்பிய அம்மாவின் ஐந்து சுங்குடிச் சேலைகளையும் முதலில் தனித்தனியாக நனைத்துக் காயவைத்தேன். மெரூன் சேலை இத்தனை வருடத்துக்குப் பிறகும் சாயம் விட்டது. தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை அலசினேன். அதைச் சேர்த்துத் தைத்த பிறகு வெள்ளைத் துணியில் சாயம் இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். முதலில் வெட்டிய பன்னிரண்டு முக்கோணங்களைக் கெடுத்துவிட்டேன். கடைத் துணியாக இருந்தால் இன்னொரு கஜம் வாங்கிக்கொள்ளலாம். அம்மா கட்டிய சேலைக்கு எங்கே போவது? அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். நான் எடுத்துக்கொண்டது ரம்பப்பல் நட்சத்திரம் என்று இங்கே சொல்லும் கட்டம். நடுவில் ஒரு பெரிய சதுரம், நான்கு மூலையிலும் சின்னச் சதுரம், சுற்றிலும் எட்டு இரட்டை முக்கோணங்கள். ஒவ்வொரு இரட்டையும் பாதி சேலைத் துணி, பாதி வெள்ளைத் துணி. தைத்து முடித்தால் அது மூன்று இஞ்சுச் சதுரமாக நிற்க வேண்டும். அதற்கு மூன்றே முக்காலே அரைக்கால் இஞ்சில் சதுரம் வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்க வேண்டும் என்பது கணக்கு. எட்டு நூல் ஓர் இஞ்சு அல்லவா, நம் ஊர் ஆசாரி சொல்வது போல மூன்று இஞ்சும் ஏழு நூலும். எதற்கு அந்த ஏழு நூல் என்று யோசித்துப் பார்த்தேன். சதுரத்துக்குத் தையலுக்காக இரண்டு பக்கமும் கால் கால் இஞ்சு விட்டால் போதும், அரை இஞ்சோடு முடிந்துவிடும். முக்கோணத்தில் சாய்ந்த பக்கத்துக்கும் கால் இஞ்சு விட வேண்டியிருப்பதால் முனைகள் இன்னும் தள்ளிப் போகின்றன. கணக்குப் போட்டால் 0.85 இஞ்சு வருகிறது. டேப்பில் அதற்கு அடுத்த கோடு ஏழு நூல்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. துணிதான் என் கையில் நிற்கவில்லை. குறுக்கே வெட்டிய பக்கம் முழுக்கக் கிராஸ் அல்லவா? கிராஸ் கட்டிங் ரவிக்கை ஏன் உடம்போடு படிகிறது என்று நம் தையல் டீச்சர் துணியை மூலைக்கு மூலை இழுத்துக் காட்டுவாரே, நினைவிருக்கிறதா? நேர் நூலில் இழுத்தால் அசையாத துணி, குறுக்கே இழுத்தால் ரப்பர் போல நீளும். நாற்பது வருடம் ரவிக்கைக்கு வரமாக இருந்த அந்த நீட்சி முக்கோணத்துக்குச் சாபமாகிவிட்டது. அதுவும் அம்மா துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கிய சேலை! மெஷினுக்குள் தள்ளும்போதே நீண்டது, இஸ்திரி போட்டபோது இன்னும் நீண்டது. விரித்துப் பார்த்தால் சதுரம் பட்டம் மாதிரி கோணிக்கொண்டு நின்றது.

இங்கே நூலகத்தில் வாரம் ஒருநாள் குயில்ட் என்னும் இந்த ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள் கூடுகிறார்கள். அவர்களில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் என் முக்கோணங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடு என்றார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்த பிறகு வேறு வழியில் நான் ஒரு துண்டும் வெட்டவில்லை.

சேலைத் துணியில் நான்கு இஞ்சுச் சதுரம் ஒன்று, வெள்ளையில் ஒன்று. நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடு. அந்தக் கோட்டின் மேல் தைக்காதே. கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்சு தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இஞ்சு தள்ளி ஒரு தையல். அதன் பிறகு கோட்டின் மேல் வெட்டு. விரித்தால் இரண்டு இரட்டைகள் தயார். துணி வெட்டுப்படும்போதே பக்கத்தில் தையல் பிடித்துக்கொண்டிருப்பதால் கிராஸ் பக்கம் நீள வழியில்லை. மூன்றே முக்காலே அரைக்கால் என்பதற்குப் பதிலாக நான்கு இஞ்சு வைப்பது, பிறகு ஒழுங்காக நறுக்கிக்கொள்வதற்காக. தையல்கோட்டின் மேல் அளவுச் சட்டத்தின் 45 டிகிரிக் கோட்டை வைத்து, நான்கு பக்கமும் நறுக்கி, மூன்றரை இஞ்சுக்குக் கொண்டுவருகிறேன். நறுக்கும் இழைகூட அம்மாவின் சேலையாயிற்றே என்று முதலில் மனம் வரவில்லை. கோணல் நட்சத்திரத்தில் அந்த இழை இருந்து என்ன பயன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போடு. நாம் பாவாடை தாவணிக்குப் போட்ட மாதிரி, விறைப்பாக. இங்கே ஸ்பிரே டப்பாவில் விற்கிறார்கள். நான் சோற்றுக் கஞ்சியையே வடிகட்டித் தெளித்தேன். இஸ்திரிப் பெட்டியை இழுக்கவும் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும்.

கால் இஞ்சுத் தையல் இதைவிடப் பெரிய வம்பு. துணி மடங்கும் இடத்தில் ஓர் இழை அளவு தொலைகிறது, அதனால் கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை குறைவாகவே தைக்க வேண்டும். சோதிக்க ஒரு வழி உண்டு. ஒன்றரை இஞ்சு அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டையை அள. சரியாக ஓர் இஞ்சு வந்தால் உன் தையல் சரி. என்னுடையது ஒரு வீசம், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளியிருந்தது. வீசம்தானே என்று விடக்கூடாது, விசாலம். தையலுக்கு இரண்டு பக்கமும் போவதால் ஒவ்வொரு தையலும் அரைக்கால் இஞ்சு தின்றுவிடும். என் நட்சத்திரத்தின் மேல்வரிசையில் மூன்று தையல், நடுவரிசையில் இரண்டுதான். அப்படியானால் ஒரு வரிசை மற்றதைவிடக் குட்டையாகி, இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஊசித் தட்டின் மேல் ஓர் ஒட்டுப்பட்டை ஒட்டி, அதற்கு அணைத்துத் தைக்கிறேன்.

முனை மழுங்காமல் இருப்பதற்கும் இந்தக் கால் இஞ்சுதான் காவல். கட்டத்தின் விளிம்பிலிருந்து முக்கோணத்தின் முனை கால் இஞ்சு உள்ளே இருக்க வேண்டும். அடுத்த கட்டத்தோடு சேர்க்கும்போது பின்பக்கத்தில் இரண்டு தையல்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கிடும் இடம் தெரியும். ஊசி அந்தப் புள்ளிக்கு ஓர் இழை வெளியே போனால் முனை கூர்மையாக நிற்கும். உள்ளே போனால் போயிற்று.

இந்த ஊரிலேயே குயில்ட்டுகளுக்கென்று பெரிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1997இல் ஒரு தம்பதியர் கொடுத்த தொகுப்பில் தொடங்கியது. மருமகள் கூட்டிப்போனாள். 19ஆம் நூற்றாண்டுப் போர்வை ஒன்றின் முன் நெடுநேரம் நின்றேன். நூற்றுக்கணக்கான முக்கோணங்கள், ஒரு முனைகூட மழுங்கவில்லை. இன்று நாங்கள் பயன்படுத்தும் உருளைக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்ததே 1979இல்தான். அட்டையில் அச்சு வெட்டி, தையல்கோட்டைத் துணியின் பின்னால் வரைந்து, வெளியே குத்துமதிப்பாக இடம் விட்டு வெட்டி, கோட்டின் மேல் கையால் தைப்பது பழைய முறை. நீ சாக்கட்டியால் ரவிக்கைக்குக் கோடு போடுகிறாயே, அதே மாதிரிதான். அவர்களுக்கு வெட்டு எப்படிப் போனாலும் கோடு சரியாக இருந்தால் போதும். மெஷினில் தைக்கும் எனக்கு வெட்டிய விளிம்புதான் கோடு. அதனால்தான் வெட்டுவதில் இவ்வளவு பாடு.

இதுவரை இருபதில் ஒன்பது நட்சத்திரங்கள் முடிந்திருக்கின்றன. முழுதாக நாற்பத்தெட்டுக்கு அறுபது இஞ்சு வரும்.

பச்சைச் சேலையை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. அதன் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு கிழிசலை அம்மா இழை ஓட்டித் தைத்திருக்கிறார். உள்ளங்கை அகலம் இருக்கும், அவ்வளவு நெருக்கமான தையல். நட்சத்திரத்தின் நடுச்சதுரம் ஆறு இஞ்சு என்பதால் அந்த ஒட்டு முழுதாக ஒரே துண்டில் அடங்கும், முக்கோணமாக வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சேலையை அப்படியே மடித்து நீயே வைத்துக்கொள்ள ஆசைப்படுவாயோ என்று தோன்றுகிறது. வைப்பதா வெட்டுவதா, நீதான் சொல்ல வேண்டும். உன் பதில் வரும்வரை மற்ற நான்கு சேலைகளில் தைத்துக்கொண்டிருப்பேன்.

பேத்திக்கு என் முத்தங்கள்.

உன்,
கோமதி