பெட்டி வந்து சேர்ந்தது

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மூன்று வாரமாக இந்த மடலை எழுத உட்காருகிறேன். உட்கார்ந்ததும் கை பெட்டியின் பக்கம் போய்விடுகிறது. இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் கட்டிய எங்கள் வீட்டு முன்னறையில், செட்டி (சோபா) போடவேண்டிய இடத்தில், என்னைவிட உயரமான கேம் மெஷின் ஒன்று நிற்கிறது. ஆட்டத்தின் பெயர் கலாகா. நாம்கோ என்ற ஜப்பான் கம்பனி 1981இல் வெளியிட்டது. ஒரு கப்பல். அதை இடமும் வலமும் மட்டும் நகர்த்த ஒரு குச்சி, சுட ஒரு பொத்தான். தேனீயும் வண்ணத்துப்பூச்சியுமாக வளைந்து வளைந்து வந்து மேலே வரிசை கட்டும். சுடவேண்டும், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதுக் கணக்கு டீச்சர் இதற்காக ஏன் இத்தனை பேரைப் பாடாய்ப் படுத்தினாள் என்று கேட்டால் சொல்ல என்னிடம் நியாயம் ஏதும் இல்லை. கதைதான் இருக்கிறது.

பாண் (பிரெட்) விலை மூன்று ரூபா ஐம்பது சதத்துக்கு இறங்கிய காலம். எனக்குப் பதினொரு வயது. சம்பளத்துக்கு மறுநாள் அம்மா ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போவார். பை தூக்க நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அதன் பின்கட்டில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் ஆளை ஆள் அடிக்கும் ஆட்டம், அதைச் சுற்றி எப்போதும் கூட்டம். மற்றது கலாகா. ஓர் ஆட்டம் இரண்டு ரூபா. காத்து நிற்பவர்கள் தங்கள் காசைக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். அதுதான் முறை. யாருடைய காசு எத்தனையாவது என்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

என் காசு மட்டும் எப்படியோ பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பொம்பளைப் பிள்ளையின் காசு அல்லவா! இரண்டு மாதம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அம்மா சாமானை முடித்துக்கொண்டு வந்துவிடுவார், நானும் காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவேன். மூன்றாவது மாதம், கேசட் பதியும் அண்ணன் காதில் இருந்ததைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து வந்தார். என் காசை எடுத்து முன்னுக்கு வைத்தார். "இது இந்தப் பாப்பாவோட மொற. எவனாச்சும் கை வச்சீங்க, அப்பறம் கடப் பக்கமே வரக்கூடாது." பிறகு சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதில் ஏற்றி நிறுத்தினார்.

அண்ணே, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. முதல் நன்றி உங்களுக்கு.

அன்று என் கப்பலைப் பெரிய பூச்சி பிடித்துக்கொண்டு போனது. பச்சை நிறத்தில் மேல்வரிசையில் நான்கு இருக்கும். அவற்றில் ஒன்று பாதிவழி இறங்கி, நீல விளக்கு மாதிரி ஒன்றை விரிக்கும். அதில் அகப்பட்டால் கப்பல் சுழன்று சுழன்று மேலே போய், சிவப்பாக மாறி, அவர்கள் பக்கம் நின்றுவிடும். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அண்ணன்தான் பின்னால் நின்று சொன்னார்: "போனாப் போகட்டும், இன்னும் ரெண்டு இருக்குல்ல. அவன் கீழ பாஞ்சு வரும்போது அடி. வரிசைல நிக்கும்போது அடிச்சிராத, ஒங் கப்பலே ஒன்ன அடிக்க வரும்." சொன்னபடி அடித்தேன். ரெண்டு அடி வாங்கித்தான் அது சாகும். பிடிபட்ட கப்பல் இறங்கி வந்து என் கப்பலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கப்பல், இரட்டைக் குண்டு. பின்னால் நின்ற பையன்கள் சத்தம் போட்டார்கள். எனக்காக யாரும் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு இரண்டு வருடம், மாதம் ஒரு ஆட்டம். கூடிய புள்ளி எடுத்த ஐந்து பேரின் பெயரை மூன்று மூன்று எழுத்தில் அது காட்டும். ஒரு தடவை நானும் அதில் ஏறினேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் இல்லை. 1996, மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய வருடம். அந்த மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது, கரண்ட் போனால் எல்லாப் பெயரும் அழிந்துவிடும். அந்த வருடத்தோடு கடையும் மூடிவிட்டார்கள்.

இனி இப்போதைய ஆட்களுக்கு வருகிறேன்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்து, கணக்கில் தேறாமல் கொழும்பில் போன் திருத்தும் கடைக்குப் போன தம்பிக்கு. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தபோது வகுப்பறையில் இருந்தேன். தென்கரையில் எங்கோ ஒரு பழைய விடுதியைக் காலி செய்கிறார்கள், ஸ்டோர் அறையில் இது கிடக்கிறது, "டீச்சர் இதுதானே நீங்க சொல்ற பூச்சி கேம்?" என்று கேட்டிருந்தாய். பாடத்துக்கு நடுவே நான் சொன்ன வெட்டிக்கதை உனக்கு இத்தனை வருடம் நினைவிருக்கிறது, பைதகரஸ் நினைவில்லை. பரவாயில்லை.

அதற்கு முன்பே ஒருவர் இதே மெஷின் இருக்கிறது என்று முற்பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அந்த நட்டத்தால் கையில் காசு இருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஸ்டாஃப் ரூம் சீட்டில் எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அந்த மாதம் எடுக்கவேண்டிய டீச்சர், மகளின் சாமத்தியச் சடங்குக்கு வைத்திருந்த சீட்டை, "மண்டபம் புக் பண்ண இன்னும் நாள் இருக்கு, நீங்க எடுங்க" என்று என் பக்கம் தள்ளினார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்றார். சடங்குக்கு நான் சேலையோடு ஒரு தவணை முன்கூட்டியே கட்டிவிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

லொறி அண்ணனுக்கு. நுவரெலியாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் பேலியகொடைச் சந்தையில் இறக்கிவிட்டு வெறும் லொறியாகத் திரும்புகிறவர். டீசல் காசு மட்டும் வாங்கினார். கினிகத்தேனையில் மழை பிடித்துக்கொண்டதாம், தன் போர்வையையும் எடுத்துப் பெட்டிக்குப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று நாள் வீடு முழுக்க லீக்ஸ் வாசம்.

லொறி எங்கள் வாசல் வரை வராது. கோயில் வளைவில் இறக்கி, படங்கால் சுற்றிக் கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். தூறல், மாலை ஆறு மணி, முன்னால் ஒருவர் டோர்ச் பிடித்துப் போகிறார். மேட்டு லயத்து ஆயா வாசலுக்கு ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "யார் வீட்டுப் பெட்டிடா? கொழும்புல இருந்தா வருது?" என்று கேட்க, தூக்கி வந்தவர்கள் சிரித்ததில் பெட்டி சாய்ந்து தேயிலைச் செடிக்குள் போகப் பார்த்தது. ஆயா, பயமுறுத்தியதற்கு மன்னியுங்கள். கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகள் அப்படிப் பெட்டியில் வந்த வீடுகள் எங்கள் தோட்டத்தில் உண்டு, நீங்கள் கேட்டதில் தப்பில்லை. தூக்கி வந்த எட்டுப் பேருக்கும் அன்று ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும்தான் கொடுத்தேன். கோழிக் குழம்புக் கடன் இருக்கிறது.

அவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகை உளுத்திருந்தது, குச்சியும் பொத்தானும் இருக்கும் தகரம் உப்புக்காற்றில் கையால் தொட்டால் உதிர்ந்தது. பலகையைக் கொட்டகலையிலிருந்து வந்த தச்சு பாஸ் (கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்) மாற்றினார். தகரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு யோசனையில் ஹட்டன் கடைக்கார முதலாளியின் வீட்டைத் தேடிப் போனேன். முதலாளி இல்லை, காலமாகிவிட்டார். அவருடைய மனைவிக்கு என்னை ஞாபகமில்லை. "அந்தப் பெட்டிகள அப்பவே ஒடச்சு வெறகாக்கிட்டோமே புள்ள" என்றார். எனக்கு அடிவயிறு என்னவோ செய்தது. தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனால், பீப்பாவுக்கு மூடியாக ஒரு தகரம் கிடக்கிறது. நடுவில் ஓட்டை, ஓரங்களில் சின்ன ஓட்டைகள். என் மணிக்கட்டு பட்டுத் தேய்ந்த இடம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். யார் மணிக்கட்டோ, ஆனால் அது அந்தத் தகரம்தான். முதலாளி அம்மா, நீங்கள் அதற்குக் காசு வாங்க மறுத்து, பீப்பாவுக்கு ஒரு மூடி வாங்கிக் கொடுத்தால் போதும் என்றீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் மழையில் கிடந்தும் துரு பிடித்தது ஓரத்தில் மட்டும்தான். அரை அங்குலம் கூடுதலாக இருந்ததை லேத்தில் வெட்டி, இப்போது பெட்டியில் பூட்டியிருக்கிறது. ஆகவே இது அதே மெஷினா என்று கேட்கிறவர்களுக்குப் பதில்: இல்லை. கை வைக்கும் இடம் மட்டும் அதே.

டிவி திருத்தும் பாஸுக்குத்தான் பெரிய நன்றி. பெட்டி 110 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. தேயிலை ஃபெக்டரி எலக்ட்ரீஷியன் ஒரு டிரான்ஸ்ஃபோமர் தேடித் தந்தார் (அவருக்கும் நன்றி, எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை). பின்கதவைத் திறந்ததும் பாஸ் சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டார்: "மேகத் டீவீ எகக் தமய், டீச்சர்." இதுவும் ஒரு டிவிதான். உண்மை, அந்தக் காலத்து டிவி கோடு கோடாகப் படம் எழுதும் வேகமும் இதன் வேகமும் ஏறக்குறைய ஒன்று. படக்குழாயை மட்டும் பக்கவாட்டில் சாய்த்து நட்டு நிறுத்தியிருக்கிறார்கள், ஆட்டம் நெட்டைக்கு ஓடுவதற்காக. அணைத்த பிறகும் அந்தக் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் பதுங்கியிருக்கும் என்று என்னைச் சமையலறைக்கே விரட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரில் வயர் கட்டி முதலில் அதை இறக்கினார். வீங்கிய கெப்பசிட்டர்களை மாற்றினார். விட்டுப்போன ஈயத்தை மறுபடி வைத்தார். நாலு ஞாயிறு. படம் வந்தது, ஆனால் ஆட்டம் வரவில்லை. திரை முழுக்கக் கண்டபடி எழுத்து.

அது போர்டின் நோய். போர்டைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, தம்பிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். மூன்று ஸெட்-80 சில்லுகள் சேர்ந்து ஓட்டும் ஆட்டமாம் இது. அவை கடையில் கிடைக்கும். நாம்கோ தனக்கென்று செய்த சில்லுகள் செத்திருந்தால்தான் கதை முடிந்தது என்று அவன் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்திருந்தது சாதாரண ரேம் சில்லு ஒன்று. மாற்றி, இரவு பதினொரு மணிக்கு வீடியோ அனுப்பினான்: கறுப்புத் திரையில் ரேம் ஓகே, ரொம் ஓகே என்று இரண்டே வரி. சோதனைத்தாளில் நான் அவனுக்குப் போட்ட மார்க்குகளை எல்லாம் அன்று திருத்தியிருப்பேன்.

இங்கத்தைய மூடுபனிக்கு என்ன செய்வது என்பதையும் பாஸே சொன்னார். பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்று எப்போதும் எரிகிறது. எல்ஈடி கூடாது, சூடு வராது. போர்டு காய்ந்திருக்கவேண்டும். கோழிக்குஞ்சுக்குச் செய்வதுதான்.

கடைசியாக அம்மா. அந்த இரண்டு ரூபா எங்கிருந்து வந்தது என்று அன்று நான் யோசித்ததே இல்லை. பெட்டி வந்த அன்று அம்மா ஒன்றும் பேசவில்லை, கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் சொன்னார். ஆட்டம் ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள் ஸ்கூலால் வந்து பார்க்கிறேன், குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்த விரல். பொத்தான் தெறித்துவிடும் போல அமுக்குகிறார். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு நேரத்தில் இரண்டு குண்டுக்கு மேல் திரையில் இருக்காது. அம்மாவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. "நாம் பத்துத் தரம் அமுக்குறேன், ரெண்டுதான் போகுது. நெறுவைல கொழுந்து வெட்டுற கணக்கப்புள்ள மாதிரியில்ல இருக்கு இது!" எடையைக் குறைத்து எழுதுகிற தோட்டக் கணக்கப்பிள்ளையைச் சொல்கிறார்.

போன ஞாயிறு அம்மா 24,310 எடுத்துப் பட்டியலில் ஏறினார். இன்றைய கரண்ட் வெட்டில் அது அழிந்திருக்கும். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

எல்லோரும் வாருங்கள். ஞாயிறு பத்து மணியிலிருந்து கதவு திறந்திருக்கும். காசு போடத் தேவையில்லை, ஆனால் முறைக்குக் காசு வைக்கவேண்டும், கண்ணாடியின் கீழ் விளிம்பில், வந்த வரிசைப்படி. பின்னுக்குத் தள்ளுகிற கையை நான் பார்த்துக்கொள்வேன். உயரம் எட்டாத பிள்ளைகளுக்குத் தச்சு பாஸ் மிஞ்சிய பலகையில் ஒரு படி அடித்துத் தந்திருக்கிறார், அதற்கும் அவர் காசு வாங்கவில்லை. கேசட் அண்ணனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: தொண்ணூறுகளின் நடுவில் ஹட்டனில் வேலை, இடது புருவத்தில் ஒரு வெட்டு, இப்போது அறுபதை நெருங்கியிருப்பார்.

குண்டு பல்பு எரிகிறது. கரண்ட் வந்துவிட்டது போல. அம்மா கொல்லையிலிருந்து வருவதற்குள் நான் போகவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்