தாதா படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு, வணக்கம்.

1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' படத்தை அந்த வாரமே மூன்று முறை பார்த்தவன் நான். மூன்றாவது முறை வீட்டுக்குத் தெரியாமல். கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருது அறிவித்தபோது, எங்கள் தெருவுக்கே கிடைத்ததுபோல் பேசித் திரிந்தோம். மறுவெளியீடு என்றதும் மகனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

நல்லவரா கெட்டவரா என்று பேரன் தாத்தாவிடம் கேட்கும் இடம் வந்தது. அன்று தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை. இப்போதோ பையன் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசை கோரஸாகக் கேட்டுவிட்டது. கமல் நடித்த தாதா வேலு நாயக்கர் பதில் தெரியாமல் தடுமாறியதற்கு விசில். செத்துக்கிடக்கும் மகனைப் பார்த்து அவர் அழுதபோது சிரிப்பு. மிமிக்ரி மேடைகளில் ஆயிரம் தடவை கேட்ட அழுகையாயிற்றே! "இதெல்லாம் நிறையப் படத்தில் வந்துவிட்டதே அப்பா" என்றான் மகன். அவனைக் கோபித்து என்ன பயன்? எனக்கும் நெஞ்சு அசையவில்லை.

படத்தை இயக்கிய மணிரத்னமும் வெறுங்கையோடு வந்தவரல்ல. ஹாலிவுட்டின் 'காட்ஃபாதர்' சாயல் அந்தப் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் வாங்கிய கடனை மும்பையின் தாராவிச் சந்துக்குள் கொண்டுபோய், அங்கே வாழ்கிறவர்களின் கதையாக்கினார். நீங்கள் எடுத்துக்கொண்டது வெள்ளை வேட்டி, கைகட்டி நிற்கும் கூட்டம், நியாயம் கேட்டு வாசலில் அழும் தாய். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூலத்திலிருந்து கொஞ்சம் சாயம் போயிற்று.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரங்கு அடங்கியது. பாலியல் தொழில் விடுதியில் வேலுவின் முன் நிற்கும் நீலா, மறுநாள் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடும்படி கேட்கிறாள். (அவள் வயது இன்று உறுத்துகிறது, அதற்குத் தனி மடல் வேண்டும்.) பின்வரிசைக்கும் வாய் வரவில்லை. அதை மட்டும் உங்களில் யாரும் எடுத்தாளவில்லை. வேட்டிக்குக் கடை இருக்கிறது, கூட்டத்துக்குத் துணை நடிகர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பரீட்சைக்கு யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டுமே!

அடுத்த தாதாவை எழுதும்போது, அவன் எதிரே வந்து நிற்கிறவளுக்கு விடிந்தால் என்ன வேலை காத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. இறங்கும் நிறுத்தம் வந்தபோதுதான் கேட்டான்: "அந்தப் பெண் பரீட்சையை எப்படி அப்பா எழுதியிருப்பாள்?"

இப்படிக்கு,
மூன்று டிக்கெட் வாங்கிய ரசிகன்