அண்ணனுக்கு, அந்த மழைக் கேள்வி பற்றி

அண்ணா,

முனைவர் படிப்புக்கான இடத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆசிரியர் வேலை நேர்முகத்துக்குப் போகவில்லை. இரண்டையும் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். கேட்டதும் நீங்கள் ஒன்றும் பேசாமல் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பீர்கள். போனில் கூப்பிட்டால் "சாப்ட்டியா பாப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான், என் செமினாரில் நீங்கள் கேட்ட அந்த மழைக் கேள்வியைப் பற்றியும் சேர்த்து எழுதுகிறேன். இதை வேறு பலரும் படிப்பார்கள், சுங்கை சிப்புட்டில் நம்மைத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். சில இடங்களில் பாதியில் நிறுத்திவிடுவேன். ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

காதுகுத்து விருந்தில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பத்துப் பக்கத்தப் படிக்க இவளுக்கு ஒரு செமஸ்டர் வேணுமாம்." பந்தியே சிரித்தது. "அப்ப நூறு பக்கம் படிச்சா டாக்டர் பட்டமா?" என்று மாமா கேட்டார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தப் பத்துப் பக்கத்தை நான் ஏன் தேடிப் போனேன் என்று அங்கே என்னைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

கணிதத்தில் முதுகலை என்றால் கடினமான கணக்குகளைப் போடுவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். ஆய்வுப் பயிற்சி என்று சில பாடங்கள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதே சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதில் முதல் பாடம் எல்லாத் துறையினருக்கும் பொதுவானது. கருத்தாய்வுப் படிவம் தயாரிப்பது எப்படி, எத்தனை பேரிடம் கொடுத்து நிரப்பி வாங்குவது என்பதுதான் அங்கே பேச்சு. 1970-இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட ஓர் அட்டவணையைக் காட்டினார்கள். பத்து லட்சம் பேர் இருந்தாலும் 384 பேரைக் கேட்டால் போதும் என்று அதில் இருக்கும். ஏன் 384 என்று கேட்டேன். அட்டவணையைப் பார்த்து எழுதினால் போதும் என்றார்கள். தேற்றத்தை நிரூபிக்க வந்தவள் யாரிடம் போய்ப் படிவம் நிரப்பி வாங்குவது? அன்று உண்மையாகவே கோபம் வந்தது. விடுதிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன். 3.841-ஐ 0.25-ஆல் பெருக்கி 0.0025-ஆல் வகுத்தால் 384 வந்துவிடுகிறது. கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அந்த எண் அதற்கு மேல் போகாது. அந்த வகுப்பில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதுதான், அதுவும் வகுப்புக்கு வெளியே.

உண்மையான பயிற்சி என் மேற்பார்வையாளரின் அறையில் நடந்தது. ஒரு தேற்றத்தைக் கொடுப்பார். அதில் உள்ள நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று கண்டுபிடித்து வரச் சொல்வார். ஆய்வுக் கட்டுரைகளில் "எளிதில் காணலாம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் இடங்கள் இருக்கும். அந்த இடங்களை முழுதாக எழுதி வர வேண்டும். சில வரிகளுக்கு ஒரு மாலை போதும். சில வரிகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆன பிறகும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் ஒன்றும் செய்யாததுபோலத்தான் தெரியும். உங்களுக்கும் அப்படித்தான் தெரிந்ததா? அதை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம் அண்ணா. பந்தியில் கேட்டிருக்க வேண்டாம்.

சரி, அந்தச் செமினார்.

நீங்கள் என் சாமான்களை ஏற்றிப்போக மாமாவின் வேனை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். சீக்கிரமே வந்துவிட்டீர்கள். வெளியே வெயில் என்று அலுவலகத்தில் இருந்த அக்காதான் உங்களை உள்ளே போய் உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் பேச ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் மில் சப்பாத்தோடு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குக் குரல் நடுங்கியது அப்போதுதான். தேர்வாளர்களைப் பார்த்து எனக்கு நடுக்கம் வரவில்லை.

என் பேச்சு தபால்காரர் கணக்கைப் பற்றியது. எல்லாத் தெருவிலும் ஒரு தடவையாவது போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், மொத்தத் தூரம் முடிந்தவரை குறைய வேண்டும். சீனக் கணிதர் குவான் மெய்கோ 1960-இல் எழுப்பிய கேள்வி இது. அதன் வேர் 1736-இல் ஆய்லர் கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி எழுதியதில் இருக்கிறது. எல்லாச் சந்திப்பும் நாற்சந்தியாக இருந்துவிட்டால் கவலையே இல்லை, உள்ளே வந்த வண்டி வெளியே போக ஒரு பாதை எப்போதும் மிச்சமிருக்கும். முச்சந்திகள்தான் தொல்லை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் நடுவே உள்ள பாதையில் இன்னொரு தடவை போக வேண்டும். எதை எதோடு சேர்த்தால் அந்தக் கூடுதல் தூரம் குறையும் என்பதற்கு எட்மண்ட்ஸும் ஜான்சனும் 1973-இல் ஒரு முறையைக் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய சாலை வலையானாலும் அந்த முறை திணறாது. இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். படங்கள் இருந்ததால் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

மலாயில்தான் கேட்டீர்கள். எல்லா ரோட்டிலும் இரண்டு பக்கமும் போகலாம் என்று இந்தப் பெண் வைத்துக்கொள்கிறார். மழை பெய்தால் மேட்டு ரோட்டில் இறங்கத்தான் முடியும், லோடோடு ஏற முடியாது. அப்போது இந்தக் கணக்கு என்ன ஆகும்? "இந்தப் பெண்" என்றீர்கள். தங்கச்சி என்று சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தீர்களோ என்னவோ, எனக்கு அது சுருக்கென்றது.

வயதான பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மழை நாளில் காத்திருக்கக் கூடாதா என்று உங்களையே கேட்டார். எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குக் கொண்டு போகாவிட்டால் அமிலம் ஏறிவிடும், எண்ணெய்த் தரம் இறங்கிவிடும் என்று அவருக்கு நிதானமாக விளக்கினீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார். என் கணக்கில் எல்லாச் சாலையும் இருவழிதான், கலந்து வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்றேன். "நல்லது, இனி தேடுங்கள்" என்றார்.

எல்லாரும் தேநீருக்குப் போனபோது உங்களைத் தேடினேன். இரண்டு பேராசிரியர்களும் தேடினார்கள். நீங்கள் வேனில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். ஏன் அண்ணா? அங்கே மீ கோரிங் இருந்தது, நாற்காலி இருந்தது, உங்களோடு பேச ஆள் இருந்தது. அந்த நாளில் உங்கள் பக்கத்தில் நின்று "இவர் என் அண்ணன்" என்று சொல்ல எனக்கு ஓர் இடம் இருந்தது, அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நெடுஞ்சாலையில் வெகுதூரம் வந்த பிறகு, "அந்தப் பெரியவரு பேனாவ கீழ வெச்சாரு, பாத்தியா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள். உங்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். அதே வாய்தான் பந்தியில் பத்துப் பக்கம் என்று சொன்னது.

அந்தப் பத்துப் பக்கத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கணிதக் கட்டுரைகளைத் துறைவாரியாக எண் கொடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள், இந்த மாதிரிச் சுற்றுப்பாதைகளுக்கு 05சி45. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய் 1976-இல் பாப்பாடிமித்ரியு எழுதிய கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். எல்லாச் சாலையும் இருவழி என்றால் கணக்கு சுலபம். எல்லாமே ஒருவழி என்றாலும் சுலபம். சிலது இப்படி, சிலது அப்படி என்று கலந்துவிட்டால், பெரிய வலைகளுக்கெல்லாம் வேகமாக விடை தரும் முறை எதுவும் இன்றுவரை யாரிடமும் இல்லை. அப்படி ஒரு முறை கிடைத்தால், பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்துக் காத்திருக்கும் ஒரு கேள்விக்கே அது விடையாகிவிடும். எல்லாச் சாலையும் ஒரே நீளமாக இருக்கட்டும், முச்சந்திக்கு மேல் பெரிய சந்திப்பே இல்லாமல் இருக்கட்டும், அப்போதும் கடினம்தான். நீங்கள் நின்ற இடத்திலேயே, ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுக் கேட்டீர்கள். எனக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுக்கத்தான் இவ்வளவு பாடங்களும்.

சரியான விடை கிடைக்காவிட்டாலும், சிறந்த தூரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகாத வழியைக் கண்டுபிடிக்க 1999-இல் ஒரு முறை வந்திருக்கிறது. டீசல் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு ஒன்றரை மடங்கு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலைச்சரிவில் போட்ட சாலைகளுக்கு என்று தனி அமைப்பு இருக்கிறது, செங்குத்தானவை மட்டும்தான் மழையில் ஒருவழி ஆகின்றன. அந்த அமைப்பை வைத்து இன்னும் கிட்டப் போக முடியுமா என்று பார்க்கப் போகிறேன். நான் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான்.

இனி சொல்லக் கடினமானவை. பணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அது போதும். இன்னொரு விஷயத்தை நான் தொடவே போவதில்லை. அந்த வீட்டாரும் படிப்பார்கள். அது தள்ளிப்போவதற்கு என் படிப்பு ஒரு காரணம் என்றால் என்னை மன்னியுங்கள். ஆனால் அண்ணா, படிப்பை நிறுத்துகிறேன், அதை முதலில் முடியுங்கள் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்று சத்தம் போட்டது நீங்கள்தான். கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிப்போவது இன்னும் சில வருடங்கள் உங்கள் தலையில்தான் விழும். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே போகவும் போகிறேன்.

பாசாருக்குப் போனால் ஒருத்தர் தவறாமல் சொல்கிறார்: "உங்கண்ணன் உனக்காக எவ்ளோ பட்டிருக்கான், மறந்துடாதே." நான் எங்கே மறக்க முடியும்? பள்ளியில் படிவம் 5-இல் கூடுதல் கணிதத்தில் நீங்கள் எடுத்த மார்க்கை அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறார். அப்பா நம்மை விட்டுப் போன வருடம் நீங்கள் படிப்பை நிறுத்தினீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கும் வயதும் எனக்கு இல்லை. நீங்கள் செய்ததை ஊரே என் கணக்கில் கடனாக எழுதுகிறது. நீங்கள் ஒரு தடவையாவது "அப்படி இல்ல" என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறீர்கள். இதைச் சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள். சொல்லட்டும். இரவு பத்து மணிக்கு மில்லிலிருந்து வந்தும், என் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து அடுத்த கேள்வியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போன ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு காரியம். ஆய்வேட்டின் இறுதிப்படி இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. நன்றியுரையில் உங்கள் பெயர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். நான் எழுதிவிட்டேன். உங்கள் பெயர், ஊர், அந்தக் கேள்வியை எழுப்பியவர் நீங்கள் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். தங்கை என்ற முறையில் எழுதிய நன்றி தனி வரியில் இருக்கிறது. எடுக்க வேண்டும் என்றால் நீங்களே போன் போட்டு, உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மா மூலம் வந்தால் எடுக்க மாட்டேன். போன் போடும்போது அப்படியே, மேட்டுப் பகுதியில் எந்த எந்த ரோடு மழையில் ஏற முடியாது என்றும் சொல்லுங்கள். எடைச் சீட்டின் பின்பக்கம் வரைந்து படம் எடுத்து அனுப்பினாலும் சரி.

பாப்பா