விளையாட்டுச் சந்தையில் பிள்ளைகள் ஏமாறும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை விட்டதும் கல்லடி தொடக்கம் அக்கரைப்பற்று வரை பல வீடுகளில் பிள்ளைகள் ரொப்லொக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில்தான் இருக்கிறார்கள். அதற்குள் பலர் போய் நிற்கும் இடம் 2017 இல் வந்த 'அடொப்ட் மீ'. முட்டை வாங்கிப் பொரிக்கவைத்து, நாய்க்குட்டி முதல் டிராகன் வரை வளர்த்து, ஏறிச் சவாரி செய்து, பிறகு இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு அது. மாற்றும்போது எதையாவது இழந்துவிட்டு பிள்ளை அழுதால், வீட்டில் உடனே தொலைபேசியைப் பறித்து வைக்கிறார்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை வாய் திறக்காது. இது சரியான வழியல்ல. அந்தச் சந்தைக்குள் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பெரிய இழப்புகள் வருவது, யாரோ பிள்ளையைச் சந்தைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் பெற்றோரால் காவல் இருக்க முடியாது.

அங்கே நடப்பது பண்டமாற்று. விளையாட்டில் சம்பாதிக்கும் 'பக்ஸ்' காசை மாற்றும்போது ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் ரொபக்ஸையும் மாற்று மேசையில் வைக்க முடியாது. ஆகவே உயிரினத்துக்கு உயிரினம், பொருளுக்குப் பொருள். வளர்ப்பு உயிரினத்தின்மேல் ஏறிச் சவாரி செய்ய ஒரு மருந்தும், அது பறக்க இன்னொரு மருந்தும் உண்டு. இரண்டும் ரொபக்ஸுக்கு விற்கப்படுபவை, ஆனால் வாங்கியபின் அவற்றை மாற்றலாம். அதனால் சவாரி மருந்தையே பலர் சில்லறைக் காசுபோலப் புழங்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ அனுப்பிய பரிசு அட்டை ரொபக்ஸாகி, மருந்தாகி, கடைசியில் ஒரு டிராகனாக நிற்பது இப்படித்தான். திரையில் இருப்பது வெறும் படம் என்று பெற்றோர் தள்ளிவிடக்கூடாது. அதற்குள் வீட்டுக் காசும் இருக்கலாம்.

விலையைத் தீர்மானிப்பது அழகு அல்ல, வரத்து. ஒரு முட்டை விற்பனையில் இருக்கும்வரை அதிலிருந்து வரும் உயிரினங்கள் பெருகிக்கொண்டே இருக்கும். முட்டையை எடுத்துவிட்டால் புது வரத்து நின்று விலை மெல்ல ஏறும். 2019 ஹலோவீனுக்கு வந்த நிழல் டிராகனும், அதே ஆண்டு நத்தாருக்கு வந்த உறைபனி டிராகனும் இன்றும் உச்சத்தில் நிற்பதற்குக் காரணம் வரத்து நின்றதுதான். புதிதாக ஒன்று வந்த முதல் நாள் எல்லாரும் அதையே கேட்பார்கள், விலையும் தாறுமாறாக இருக்கும். சில நாட்களில் எல்லாரிடமும் பொரித்துவிடும், விலை விழும். பழைய உயிரினத்தைக் கொடுத்து முதல் நாளே புதியதை வாங்கும் பிள்ளைக்கு நட்டம் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. கையில் புதியது கிடைத்தால் முதல் நாளில் கொடுத்துவிடுவதே கெட்டித்தனம்.

வளர்ப்பிலும் கணக்கு உண்டு. குட்டியாகப் பிறந்த உயிரினம் ஆறு படிகளில் முழு வளர்ச்சி அடையும். பசி, தாகம், உறக்கம், குளிப்பு என்று அது கேட்கும் தேவைகளை நிறைவேற்றி அடுத்த படிக்கு ஏற்றலாம். அரிய இனமானால் தேவைகளும் கூட. முழுதாக வளர்ந்த ஒரே இனத்து நான்கைச் சேர்த்தால் ஒளிரும் 'நியொன்' ஒன்று கிடைக்கும். அந்த நியொனையும் ஆறு படி வளர்த்து, அப்படி நான்கைச் சேர்த்தால் 'மெகா நியொன்'. ஒரு மெகாவுக்குப் பதினாறு உயிரினங்கள் போகின்றன. சேர்த்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. நான்கைத் தனித்தனியாக நான்கு பேருக்குக் கொடுக்கலாம், ஒரு நியொனைக் கொடுக்க அதையே தேடும் ஒருவர் வரவேண்டும். சேர்க்கும் நான்கில் ஒன்றுக்கு மட்டும் பறக்கும் மருந்து ஊட்டியிருந்தாலே பிறக்கும் நியொன் பறக்கும். நான்குக்கும் ஊட்டினால் மூன்று மருந்து வீண். மருந்து ஊட்டிவிட்டால் அதையும் திரும்ப எடுக்க வழியில்லை. மிகப் பழைய உயிரினங்களில் மருந்தே படாததைத் தேடும் சேகரிப்பாளர்களும் இருப்பதால், அப்படி ஒன்று கையில் இருந்தால் அவசரப்பட்டு ஊட்டாமல் வைத்திருப்பது நல்லது.

இனி மாற்று மேசை. எதிராளி அழைப்பு அனுப்பினால் இரு பக்கமாகப் பிரிந்த ஒரு சாளரம் திறக்கும். இருவரும் தத்தம் பொருளை வைத்து ஒப்புக்கொள்ளவேண்டும். அதன்பிறகு இன்னொரு திரை வந்து இறுதிச் சம்மதம் கேட்கும். இரண்டாவது தடவையும் இருவரும் அழுத்தினால்தான் பொருள் கைமாறும். பிள்ளை நின்று பார்க்கவேண்டியது அந்த இரண்டாவது திரையில். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு உயிரினத்தையும் பார்க்கவேண்டும்: பறப்பதற்கு எஃப், சவாரிக்கு ஆர், நியொனுக்கு என், மெகாவுக்கு எம் என்ற சிறு எழுத்துகள் மூலையில் இருக்கின்றனவா என்று. பேச்சுக் கொடுத்துக்கொண்டே பறக்கும் டிராகனை எடுத்துவிட்டு அதே உருவத்தில் மருந்தில்லாத ஒன்றை வைப்பது பழைய தந்திரம். "கெதியா அமத்து, நான் போகவேணும்" என்று எவர் அவசரப்படுத்தினாலும் சாளரத்தை மூடிவிடலாம், எதுவும் குறையாது. இடையில் நெட் அறுந்தாலும் மாற்றம் நடக்காது, பொருள் அவரவரிடமே இருக்கும்.

மிக அரிய உயிரினங்களை மாற்றுவதற்கு முன் விளையாட்டுக்குள்ளேயே ஒரு சிறு பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். எது ஏமாற்று, எது நேர்மை என்றுதான் அதில் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஆங்கிலத்தில் வருகிறது. விளங்காமல் குத்துமதிப்பாக விடை அமத்தி, பிழைத்தால் திரும்ப அமத்திச் சித்தியடைந்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்கு வைத்த வேலி இங்கே பெயரளவில் நிற்கிறது. இதைத்தான் பெரிய குறையாகக் காண்கிறேன்.

ஏனென்றால் வெளியே கூட்டிப்போகும் பேச்சுகள் எல்லாம் அந்தப் பரீட்சை எச்சரிக்கும் பேச்சுகளே. "நீ முதலில் தா, அடுத்த மாற்றத்தில் நான் தருகிறேன்" என்பது ஒன்று. "உன் நான்கையும் தா, நியொன் ஆக்கித் தருகிறேன்" என்பது இன்னொன்று. "வேறொரு விளையாட்டில் பொருள் தருகிறேன்", "ரீலோட் போட்டுவிடுகிறேன்" என்பவையும் அப்படித்தான். இவை எதற்கும் இரு பக்கமும் பொருள் வைக்கும் சாளரம் கிடையாது. ஒருவர் கொடுத்துவிட்டார், மற்றவர் போய்விட்டார் என்றால் முடிந்தது. உண்மைப் பணத்துக்கு விற்பது ரொப்லொக்ஸ் விதிக்கே மாறு, விற்ற பிள்ளையின் கணக்கே பூட்டப்படலாம். ஏமாந்து கொடுத்த உயிரினத்தை அடொப்ட் மீ நடத்துவோர் திருப்பித் தருவதும் இல்லை.

கணக்கையே பறிப்பது இதைவிடக் கொடியது. வேறு கருவியில் கடவுச்சொல் இல்லாமல் நுழைய ரொப்லொக்ஸில் ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. திருடன் தன் கருவியில் தோன்றிய குறியீட்டை அனுப்பி, "இதை உன் போனில் போடு, பரிசு வரும்" என்பான். பிள்ளை போட்டதும் அவன் உள்ளே. அசல்போன்ற நுழைவுப் பக்கத்துக்கு இணைப்பு அனுப்புவதும் நடக்கிறது. நடந்துவிட்டால் முதலில் பாதுகாப்பு அமைப்பில் மற்றெல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவேண்டும். பிறகு கடவுச்சொல்லையும் அதோடு இணைந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடவேண்டும். இங்கேதான் நம் பக்கத்தில் இடறுகிறது. பல பிள்ளைகளின் மின்னஞ்சல் தொலைபேசி வாங்கிய கடையிலோ ஒன்றுவிட்ட அண்ணனோ திறந்து கொடுத்தது, கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கே பிள்ளையோடு இருந்து அதைத் தேடி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 2024 நவம்பர் முதல் பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து மாதச் செலவுக்கு எல்லை வைக்கவும் முடிகிறது. வங்கி அட்டையைத் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கும் வீடுகளுக்கு இது கட்டாயம்.

உயிரினங்களை வளர்த்து விற்பது நேற்று வந்த பழக்கமல்ல. 1997 இல் வந்த அல்டிமா ஒன்லைன் என்ற இணைய விளையாட்டிலேயே காட்டு விலங்குகளைப் பழக்கி விற்றார்கள். போதிய பழக்கும் திறன் இல்லாதவர் டிராகனை வாங்கினால் அது அவர் சொல் கேட்காது. அங்கேயும் விதி தெரிந்தவரே வாங்கினார். விலை கேட்பது, பொறுத்திருப்பது, வேண்டாம் என்று எழும்புவது எல்லாம் பிள்ளைக்கு நல்ல பயிற்சிதான். அதனால்தான் முழுத் தடையை நான் கேட்கவில்லை.

என் வேண்டுகோள் இரண்டு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த அனுமதிப்பத்திரப் பரீட்சைக் கேள்விகளை ஒரு பாடவேளையில் தமிழில் விளக்கவேண்டும். நாற்பது நிமிடம் தாராளம். தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கமும் அவற்றைத் தமிழில் வெளியிடலாம். உயிரினம் தருவதாகச் சொல்லி யாராவது பிள்ளையிடம் படமோ வீட்டு முகவரியோ கேட்டால் அது வியாபாரப் பிரச்சினை அல்ல. பேச்சை அழிக்காமல் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.