2032-இல் இரண்டு நூற்றாண்டு விழா: கோவையில் ஒரு கணித மாநாடு வேண்டும்

கொங்கு வட்டாரக் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியன் நான். ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன்.

கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தார். இன்னொரு கணிதவியலாளர் எம். எஸ். நரசிம்மன் அதே ஆண்டு ஜூன் 7 அன்று, வட ஆற்காட்டுத் தண்டரையில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனிடம் பாடம் கேட்ட இருவரும் 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட தேற்றத்தை உலகம் அவர்கள் பெயராலேயே அழைக்கிறது. வரும் 2032 இருவருக்குமே நூற்றாண்டு. அப்போது கோவையில் ஒரு மாநாடு நடக்க வேண்டும். அதில் ஒரு நாளாவது முழுக்கத் தமிழில், இளநிலை மாணவர்களுக்காக நடக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

இவ்வளவு கடினமான கணிதம் அவர்களுக்கு எட்டுமா என்று கேட்பீர்கள். எட்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வெட்டிப்போட்ட எலாஸ்டிக் நாடா ஒரு முழம் போதும். அதை அரைச் சுற்று முறுக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். நாடாவின் குறுக்கே, ஓர் ஓரத்தைப் பார்த்தபடி ஓர் அம்புக்குறி இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை நாடாவின் போக்கிலேயே நகர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்தால், அம்பு எதிர் ஓரத்தைப் பார்த்து நிற்கும். முறுக்காமல் தைத்த நாடாவில் அப்படியே நிற்கும். முன்னதற்கு −1, பின்னதற்கு +1. இனி, அம்பு இருந்த இடத்தில் பல பரிமாண வெக்டர் வெளியை வையுங்கள். −1 இருந்த இடத்தில் ஓர் அணி (எண்களின் சதுர அடுக்கு, matrix) வந்து உட்காரும். வட்டத்துக்குப் பதில் பல துளைகள் கொண்ட ரீமன் பரப்பை (பல ஓட்டைகள் உள்ள வடையின் மேற்பரப்பு போன்றது) எடுத்துக்கொண்டால் சுற்றிவர வழிகள் பல; ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றினால் அதுவும் ஒரு வழியே, ஆகவே அவை ஒரு குலம் (group) ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளத்தை மாற்றாத ஒரு யூனிட்டரி அணி. பகுக்க இயலாத இத்தகைய அணித் தொகுதிகள் தரும் வெக்டர் கற்றைகளும் (பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை வைத்த தொகுப்புகள்), கணிதவியலாளர் மம்ஃபோர்டு இயற்கணித வடிவியலிலிருந்து வரையறுத்த நிலையான (stable) கற்றைகளும், படி (கற்றையின் முறுக்கை அளக்கும் முழு எண், degree) சுழியமாக இருக்கும்போது ஒன்றேதான். இதைத்தான் அவர்கள் நிறுவினார்கள். 1983-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் டொனால்ட்சன் இதற்கு முற்றிலும் வேறு வழியில் நிரூபணம் தந்தார்.

குலம், அணி இரண்டும் பி.எஸ்சி. பாடத்திலேயே இருக்கின்றன. அந்தியூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வரும் மாணவி, தான் தேர்வுக்காகப் படித்த அந்த இரண்டும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை ஒரு நாளாவது பார்க்கட்டும். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் கணிதத்தையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் கரும்பலகை முன் நின்று யோசிப்பதை அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. இந்தக் குறை என்னை வெகுநாளாக வருத்துகிறது.

வழக்கமான கருத்தரங்குகளை நானும் பார்த்திருக்கிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்றே முற்பகல் கழிந்துவிடுகிறது. பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம், கேள்வி கேட்க நேரமில்லை, மாலையில் சான்றிதழ். இந்த மாநாடு அப்படி ஆகிவிடக் கூடாது. நாளுக்கு மூன்று உரைகள் போதும். ஒவ்வோர் உரைக்கும் கரும்பலகையும், பின்னால் ஒரு மணி நேரக் கேள்வியும் வேண்டும். மாணவர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்காதீர்கள்.

சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணித ஆராய்ச்சிப் பள்ளிதான் இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். ஆராய்ச்சியாளர்களே இளநிலை வகுப்பும் எடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரைப் போற்றும் மாநாட்டில் இளநிலை மாணவர்களுக்கு இடம் இல்லாமல் போனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தேசிய உயர்கணித வாரியம் மாநாடுகளுக்கு நிதி உதவி தருகிறது. பணத்தைவிட ஆயத்தம்தான் பெரிய வேலை. கலைச்சொற்களை ஒழுங்குசெய்ய வேண்டும், உரைக் குறிப்புகளைத் தமிழில் எழுத வேண்டும், பேசுவோரை முன்கூட்டியே அழைக்க வேண்டும். அதற்காக நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்பு வட்டம் ஒன்றை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். பள்ளி ஆசிரியர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்புகளைப் பிழை திருத்தித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஈரோடு மாவட்டக் கணித ஆசிரியர் ஒருவர்