அக்காவுக்கு, அடைப்பு எடுத்து ஒரு வருசம்

அக்கா,

நாளையோட அந்த ரெண்டு கடவாப்பல்லு அடைப்பையும் தோண்டி எடுத்து ஒரு வருசம். போன் போட்டா கட் பண்ணிருவ, அதான் இங்க எழுதுறேன், உன் மக வாசிச்சுக் காட்டுவா. நம்ம தெருக்காரங்களும் பாப்பாங்கன்னு தெரியும், அதனால மச்சான் சங்கதி, வீட்டுப் பத்திரம் எதையும் இங்க எடுக்கல.

எனக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கறது சின்னப்பாலம் கரையில அந்த மத்தியானம் தான். கடப்பாசி மூட்டைய எறக்கிட்டு நிக்கிற, முங்குற கண்ணாடி நெத்தியில ஏறிக்கெடக்கு, விரல்ல சுத்துன துணி சொட்டுது. ரசஞ்சோறு கூட எரியுதுன்னு சொன்னியேன்னு வாயத் தொறக்கச் சொல்லி போன் டார்ச்ச அடிச்சேன். கீழ்ப்பல்லுக்கு நேரா கன்னத்துக்குள்ள வெள்ளக்கோடு பின்னிக்கெடந்துச்சு, நடுவுல செவப்பு, பொடிக்கண்ணு வலைய ஒட்டி வச்ச மாதிரி. சுத்தி அத்தன பேரு நிக்கையில "எத்தன நாளா போயிலை போடுற?"ன்னு சத்தமா கேட்டுட்டேன். நீ பதில் சொல்லல. விரல்த்துணிய ஒண்ணொண்ணா அவுத்த. பத்தும் அவுக்குற வரைக்கும் ஒருத்தரும் பேசல.

தப்புதான். ஆனா அம்மா வாய்க்குள்ள கடைசி நாலு மாசம் டார்ச் அடிச்சவன் நான், நீ இல்ல. நீ அப்ப மண்டபத்துல ஒம் மாமியா வீட்டுல இருந்த, வார விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போன. வெள்ளையா ஒண்ணப் பாத்ததும் எனக்கு வேற என்ன தோணும்?

டாக்டர் எங்கிட்ட சொன்னப்ப நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெளிய போய் உக்காந்துட்ட, அதனால இத நீ கேக்கல. சில்வர் அடைப்புன்னு நாம சொல்றதுல கிட்டத்தட்ட பாதி பாதரசமாம், மிச்சந்தான் வெள்ளி, தகரம், செம்பு. நெறைய பேருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் செய்யாது, சில பேருக்கு மட்டும் அந்த அடைப்பு ஒரசுற எடத்துல சதை இப்படி சண்ட போடுமாம், அடைச்சு பல வருசம் கழிச்சுக் கூட. அடைப்பு இல்லாத எடதுபக்கக் கன்னம் சுத்தமா இருந்துச்சுல்ல, அதுலயே அவருக்குப் பாதி புரிஞ்சிருச்சு. சதையக் கிள்ளி அனுப்புனது புத்துநோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கத்தான். அந்த ரிசல்ட் வார வரைக்கும் நான் தூங்கல, உனக்கு அது தெரியாது.

எது ஒத்துக்கலன்னு பாக்க மதுரையில முதுகுல ஒட்டுனாங்களே அந்த ஸ்டிக்கரு, ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது, நாலாம் நாள் மறுபடி வரணும். மாசத்துல பாசிக்குப் போறதே பத்துப் பன்னெண்டு நாளு, அதுல நாலு நாள் போச்சுன்னு பஸ்ஸுல பரமக்குடி வரைக்கும் திட்டிக்கிட்டே வந்த. கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுற ஆளுன்றதால நிக்கலாத்தான் இருக்கும்னு நான் நெனச்சேன். நிக்கல் ஒட்டுன எடமும் லேசா செவந்துதான் இருந்துச்சு, ஆனா பாதரசம் ஒட்டுன எடம் தடிச்சுக் கொப்புளிச்சுப் போச்சு.

இப்ப சொல்ல வேண்டியதச் சொல்லிர்றேன். 2018ல ராம்நாட்டுல அந்தப் பல் கிளினிக்ல வெள்ளக்கலர் வைக்கவா சில்வர் வைக்கவான்னு கேட்டப்ப, "பின்னாடி பல்லுதான, யாரு பாக்கப்போறா, சில்வரே வைங்க"ன்னு சொன்னது நான். நீ வாயில பஞ்ச வச்சுக்கிட்டு தலைய ஆட்டுன. அப்ப ஊரே அதத்தான் வச்சுச்சு, நல்லா ஒழைக்கும், துட்டும் கம்மி. ஐரோப்பாவுல 2025 ஜனவரியில இருந்துதான் நிப்பாட்டுனாங்க, அதுவும் பாதரசம் மண்ணு தண்ணியில கலக்குதேன்னுதான். 2018ல எனக்கு எப்படித் தெரியும்?

எடுத்து மூணு மாசத்துல கோடு மங்கிருச்சு, மொளகா போட்ட மீங்கொழம்பு திங்கிறன்னு உன் மக சொன்னா. அன்னைக்கு ராத்திரி நான் ரெண்டு தட்டு சோறு தின்னேன்.

அப்புறம் நீ என்ன செஞ்ச? புது அடைப்புக்கு நான் கட்டுன துட்ட பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி புள்ளகிட்ட குடுத்து விட்ட. பத்து ரூவா நோட்டு, இருவது ரூவா நோட்டு, எல்லாம் பாசி நாத்தம். நான் கேட்டனா? கரையில அத்தன பேர் முன்னாடி நான் பேசுனதுக்கு, நீ புள்ள முன்னாடி என்னையக் கடங்காரனா ஆக்குன. சரி, எண்ணிப் பாத்தேன், நூறு ரூவா கூட இருக்கு.

வெள்ளிக்கெழம செக்கப்பு. ஏழு மணிக்கு வண்டியோட முக்குல நிக்கிறேன், தெருவுக்குள்ள வரல. அந்த நூறு ரூவாய்க்குப் பெட்ரோல் போட்டுட்டேன்.